பெலிசியாவின் காருக்கு டிஸ்க் பிரேக்

கடலூர் முதுநகரில் பெலிசியாவின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் கதவு எண் சொல்வதில்லை. "நீலக்கலர் அம்பாசிடர் நிக்கும், அந்த வூடு" என்பார்கள். தெருவில் அதைவிடப் புதிய கார்கள் நாலைந்து இருக்கின்றன. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் தவறாமல் கிளம்பிப் போகிற கார் அது ஒன்றுதான்.

பெலிசியாவுக்கு ஐம்பது வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவள். எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று லேபிள் ஒட்டி, தேதி போட்டு, அலமாரியில் வரிசை மாறாமல் வைப்பது அவள் வேலை. பாட்டில் திறந்திருந்தால் மூக்கிலேயே தெரிந்துவிடும். அம்மா செபஸ்தியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் இருமுறை டயாலிசிஸ் என்று ஆனபோது அந்த வேலையை விட்டாள். அம்மாவுக்கு முதலில் இடம் கிடைத்தது சிதம்பரத்தில். பிறகு அங்கிருந்த நர்சின் கை பழகிவிட்டது. கடலூரிலேயே பார்க்கலாமே என்று யார் சொன்னாலும் அம்மா, "அந்தப் பொண்ணு குத்துனா எனக்கு வலிக்கிறதில்ல" என்று முடித்துவிடுவாள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. பஸ் படியில் கால் வைக்க முடியாது. வாடகைக் கார் பிடித்தால் சீட்டு தரையோடு தரையாக இருக்கும், குனிந்து உள்ளே போவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். அப்போதுதான் மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர் வீட்டில் எழுபத்தாறாம் வருட அம்பாசிடர் ஒன்று சும்மா நிற்பதாகக் கேள்விப்பட்டாள். போய்ப் பார்த்தாள். கதவு அகலம். சீட்டு நாற்காலி உயரத்தில் இருந்தது. அம்மாவைக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பார்த்தாள். குனியாமல் உட்கார்ந்து, குனியாமல் இறங்கினாள் அம்மா. அதோடு விஷயம் முடிந்தது.

அவள் கணவன் யாகப்பன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். கார் வீட்டுக்கு வந்த அன்று அதைச் சுற்றிச்சுற்றி வந்தான். "ஒன்ன விட ரெண்டு வயசுதான் சின்னது இது" என்றான். அவனுக்கு வண்டி ஓட்ட வராது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றான். பெலிசியாதான் நாற்பத்து மூன்றாவது வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அங்கே சின்னக் காரில் பழகியதை மறந்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும் கியரையும் இரும்பு மாதிரிக் கனக்கும் கிளட்சையும் பழக மேலும் இரண்டு மாதம் ஆனது.

மூன்று வருடம் அம்மாவைக் கூட்டிப்போனாள். டயாலிசிஸ் வார்டில் அதே படுக்கை வரிசையில் கடலூர்க்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தில்லைநாதன், திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அறுபத்தாறு வயது. இன்னொருத்தி வண்டிப்பாளையத்து இளவரசி. முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை ஒன்று. கணவன் நெய்வேலியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த இருவரும் மெல்ல மெல்ல அம்பாசிடரில் ஏறிக்கொண்டார்கள்.

அம்மா இறந்த பிறகு காரை விற்றுவிடுவதாகத்தான் இருந்தாள். நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவிப் புடவை மாற்றியபோதும் எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. தில்லைநாதன் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தபோதுதான் தெரிந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இளவரசிக்கு போன் பண்ணிடு, பஸ்ஸுக்கு கெளம்பிடப் போவுது" என்றார்.

அப்படியே இன்னும் மூன்று வருடம் ஓடியது.

போன நவம்பரில் நான்கு நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது ரோட்டின் குறுக்கே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்னே போன லாரியின் பின்னாலேயே முதல் கியரில் உருட்டி அக்கரை வந்தாள். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாக அழுத்தி ஈரத்தைக் காயவைக்க வேண்டும் என்று மெக்கானிக் ஞானசேகரன் சொல்லியிருந்தான். அதையும் செய்தாள். வண்டி கொஞ்சம் பிடித்த மாதிரிதான் இருந்தது.

புதுச்சத்திரம் கிட்டே முன்னால் போன டவுன் பஸ் ஆள் ஏற்ற நின்றது. பெலிசியா பிரேக்கை மிதித்தாள். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"பிரேக்க போடும்மா" என்றார் தில்லைநாதன்.

"போட்டுட்டேன் சார்."

பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன. இரண்டாம் கியருக்கு இழுத்தாள். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், அதுவும் சக்கரத்துக்குள்ளே நனைந்த டிரம்மைத்தான் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. இடதுபக்கம் ரோட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக்குவியல் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தாள். கார் குவியல் மேல் பாதி ஏறி, முனகிக்கொண்டு நின்றது.

தில்லைநாதனின் கண்ணாடி கழன்று விழுந்து ஒரு பக்கம் உடைந்திருந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. பெலிசியா பின்னால் திரும்பினாள். இளவரசி தன் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த கை அது. அந்த இணைப்பு அடைத்துப்போனால் மறுபடி ஆபரேஷன், மறுபடி காத்திருப்பு. கதவில் இடித்திருக்கிறது.

"கைய வச்சு பாரு" என்றாள் பெலிசியா.

இளவரசி இரண்டு விரலைத் தழும்பின் மேல் வைத்தாள். உள்ளே ரத்தம் ஓடினால் வண்டு முரல்வது மாதிரி விரலில் ஒரு அதிர்வு தெரியும். வைத்தபடியே இருந்தாள். பிறகு முகத்தை நிமிர்த்தினாள்.

"ஓடுதுக்கா" என்றாள். "ஓடுது."

அதே டவுன் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். சிதம்பரத்தில் அவர்களுக்கு அன்றைக்கு டயாலிசிஸ் நடந்தது. பெலிசியா ஜல்லிக்குவியல் பக்கத்தில் குடையில்லாமல் நின்றாள். யாகப்பனும் ஞானசேகரனும் இழுவை வண்டியோடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. யாகப்பன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது, "வித்துடு பெலிசி" என்றான்.

மனதுக்குள் அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பற்றி நினைத்தாலே வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

ஞானசேகரனின் பட்டறை செம்மண்டலத்தில் இருந்தது. நாற்பத்தைந்து வயது, லாரிகளிலேயே தொழில் கற்றவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். இரண்டு நாள் கழித்து பெலிசியா போனபோது நான்கு சக்கரத்தையும் கழற்றி வைத்திருந்தான்.

"பிரேக்குல ஒரு கோளாறும் இல்லக்கா. எல்லாம் சரியாத்தான் கீது."

"சரியா இருந்தா ஏன் நிக்கல?"

அவன் பிரேக் டிரம் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினான். "இது மூடி போட்ட சட்டி மாதிரி. உள்ள தண்ணி பூந்துச்சுன்னா சீக்கிரம் வெளிய வராது. உள்ள ஒரசிப் புடிக்கிற லைனிங் வழுக்கும். நீங்க எவ்ளோ மிதிச்சாலும் வழுக்கிக்கிட்டே போவும். டிஸ்க்குன்னா தோசைக்கல்லு மாதிரி, தொறந்து கெடக்கும். சுத்துற சுத்துல தண்ணி தெறிச்சு போயிடும். அதான் இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் முன்னாடி டிஸ்க்."

"இதுக்கு போட முடியுமா?"

ஞானசேகரன் டிரம்மைக் கீழே வைத்தான். "முடியும். பின்னாடி வந்த அம்பாசிடர்ல கம்பெனியே முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டு குடுத்துச்சு. அந்த மாதிரி வண்டி ஒண்ணு கெடச்சா, முன்பக்க சாமான மொத்தமா எடுத்து இதுல மாட்டலாம்." நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஆனா நான் இதுவரைக்கும் போட்டதில்லக்கா. அத சொல்லிடணும்."

அவன் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கார் பட்டறையிலேயே நின்றது. தில்லைநாதனும் இளவரசியும் பஸ்ஸில் போய்வந்தார்கள். டயாலிசிஸ் முடிந்ததும் உடம்பு பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும், ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இளவரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூக்காரம்மா ஒருத்தி சாக்கை விரித்துப் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை தில்லைநாதனுக்குக் காய்ச்சல். கூட வர ஆளில்லாமல் இளவரசி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்படி ஆகிவிட்டது.

இதையெல்லாம் தில்லைநாதன் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். கார் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்ப பரவாயில்ல, நாளைக்கு வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெலிசியா போனைக் கீழே வைக்கவில்லை. அதிலேயே ஞானசேகரனைக் கூப்பிட்டாள்.

"அந்த மாதிரி வண்டி எங்க கெடைக்கும்?"

பண்ருட்டியில் கிடைத்தது. முந்திரி வியாபாரி திருநாவுக்கரசு வீட்டுத் தோட்டத்தில், பலா மரத்தடியில், தொண்ணூற்றெட்டாம் வருட அம்பாசிடர் ஒன்று ஏழெட்டு வருடமாக நகராமல் நின்றது. கூரை மேல் சருகு மக்கி மண்ணாகியிருந்தது. ஞானசேகரன் வண்டிக்கடியில் படுத்துத் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தான். வெளியே வந்தபோது முதல் தடவையாகச் சிரித்தான். "கீது."

திருநாவுக்கரசு பெரிய உடம்புக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "எடைக்கு போடத்தான் வச்சிருக்கேன். முன்னாடி இருக்குறத எது வேணும்னாலும் கழட்டிக்குங்க. பின்சீட்ட மட்டும் தொடாதீங்க."

"ஏங்க?"

"அடை ஒக்காந்திருக்கு."

எட்டிப் பார்த்தாள். பின்சீட்டின் மூலையில் வைக்கோல் நடுவே செம்பட்டைக் கோழி ஒன்று அவளை முறைத்தது. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியபோதும், சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றியபோதும் அது எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் திருநாவுக்கரசு, "மெதுவா, மெதுவா" என்றார். காருக்காகச் சொல்கிறார் என்று ஞானசேகரன் முதலில் நினைத்திருக்கிறான்.

சாமான்கள் செம்மண்டலம் வந்து சேர்ந்த பிறகு பெலிசியா தினமும் பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனாள். சும்மா உட்கார வரவில்லை. பழைய ஆய்வகப் பழக்கம், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் நட்டுக்கும் லேபிள் எழுதி டப்பாவில் போட்டாள். 'வலது முன், மேல்.' 'இடது முன், கீழ்.' ஞானசேகரன் முதல் நாள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான். மூன்றாம் நாள் அவனே, "அக்கா, வலது பக்க மேல் போல்ட்டு எடுங்க" என்று கை நீட்டினான்.

சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடிக்கு காலிப்பர் என்று பெயர். பண்ருட்டியிலிருந்து வந்த இரண்டு காலிப்பரையும் பிரித்துத் துரு நீக்கி, உள்ளே புது ரப்பர் போட்டான். டிஸ்க்குகளை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினான். ஆயில் போகப் புது ஹோஸ், டிஸ்க்கை உரசிப் பிடிக்கப் புது பேட். மிதிக்கும் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரும் அந்த வண்டியிலிருந்தே வந்தது. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் அரித்துப்போயிருந்தது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளிவிடுவது அதுதான். அதைப் புதுச்சேரிக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தான்.

இரண்டாவது வாரக் கடைசியில் வண்டி தன் காலில் நின்றது. ஞானசேகரன் ஓட்ட, பெலிசியா பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளோட்டம் போனார்கள். பெடலைத் தொட்டதும் வண்டி பிடித்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவது மாதிரி கனத்தது. பிறகு கருகல் வாடை. நிறுத்தி இறங்கினார்கள். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை.

வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காதது போல உருண்டது.

காலிப்பர் ஒட்டிக்கொள்கிறது என்றான் ஞானசேகரன். இரண்டையும் திரும்பப் பிரித்தான், தேய்த்தான், மாட்டினான். மறுநாளும் அதே புகை. மூன்றாம் நாளும் அதே. அன்று சாயங்காலம் யாகப்பன் பட்டறைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒத்து வரலன்னா வுட்டுடலாம் ஞானம். ஒன் மேல தப்பில்ல" என்றான். ஞானசேகரன் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான். வுட்டுடலாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

பெலிசியா அன்றிரவு யோசித்துப் பார்த்தாள். மறுநாள் ஒரு நோட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தண்ணீர் சொட்டினாள். பின்சக்கரத்தில் தண்ணீர் வழிந்து ஓடியது. முன்சக்கரத்தில் நான்காவது நிறுத்தத்தில் சுர்ரென்றது. வலதிலும் சுர், இடதிலும் சுர். எழுதிக்கொண்டாள். பட்டறைக்குத் திரும்பியதும் நோட்டை அவனிடம் நீட்டினாள்.

"ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே அளவு சூடாவுது ஞானசேகர். காலிப்பர் கோளாறுன்னா ஒண்ணு முன்ன பின்ன ஆவும் இல்ல? ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி எப்டி புடிக்கும்?"

அவன் நோட்டைப் பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு தடவை வரிவரியாகப் படித்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து அவளைப் பெடலை நாலு தடவை மிதித்து விடச் சொன்னான். முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், அசையவில்லை. பானட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முன்பக்கம் போகும் குழாயின் நட்டைக் கால் சுற்று தளர்த்தினான். பிரேக் ஆயில் பீச்சியடித்தது. ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றினான். லொடலொடவென்று சுற்றியது.

"புடிச்சி வச்சிருக்கு" என்றான். "ஆயில திரும்ப வுடாம இதுதான் புடிச்சி வச்சிருக்கு."

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தான். முன்குழாய் போகும் துளைக்குள்ளிருந்து, மிளகு அளவேயான ரப்பர் வால்வு ஒன்றை இடுக்கியால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். டிரம் பிரேக்குக்கு இது வேண்டும். ஆயிலில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்கவைக்கும், அங்கே பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. அந்தக் கொஞ்ச அழுத்தமே பேட்டை டிஸ்க்கோடு ஒட்டவைத்துவிடும்.

"கடையில அம்பாசிடருக்கு மாஸ்டர் சிலிண்டர்னு கேட்டேன். டிஸ்க் வண்டிக்கா, டிரம் வண்டிக்கான்னு சொல்லல. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு" என்றான். "தப்பு என்மேலதான்."

பெலிசியா உள்ளங்கையைப் பார்த்தாள். இத்தனை நாளும் இதுதானா என்றிருந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கண் ஓரம் நனைந்தது. ஞானசேகரன் பார்க்காதது போல் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அன்று மத்தியானம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினார்கள். எட்டு இடத்தில் தண்ணீர் சொட்டினாள். எட்டிலும் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தை எழுதிக் கொடுத்து, ஆய்வாளர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகும் பெலிசியாவுக்கு ஒன்று பாக்கி இருந்தது.

"தண்ணியில எறக்கி பாக்கணும்" என்றாள்.

தேவனாம்பட்டினம் போகும் வழியில் மழைத் தண்ணீர் வடியாத ஒரு பள்ளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அங்கே போனார்கள். அவள் ஓட்டினாள், ஞானசேகரன் பக்கத்தில். யாகப்பன் கூப்பிடாமலே வந்து பின்சீட்டில் ஏறியிருந்தான். அரைச் சக்கரம் முழுகும் தண்ணீரில் வண்டியை இறக்கினாள். நடுவே நிறுத்தி, முன்னும் பின்னுமாக ஊறவைத்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"கார் கழுவுறீங்களா?" என்றான் ஒருவன்.

"ஆமாப்பா" என்றான் யாகப்பன் பின்சீட்டிலிருந்து.

கரையேறியதும் நேர்ரோடு. வேண்டுமென்றே பிரேக்கைத் தொடாமல் வேகம் கூட்டினாள். முப்பது, நாற்பது, ஐம்பது. ஜல்லிக்குவியலும் பஸ்ஸின் பின்கண்ணாடியும் கண்முன்னே வந்து போயின. மிதித்தாள்.

வண்டி மூக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இழுக்காமல், நேர்க்கோட்டில் நின்றது. அவ்வளவுதான்.

பெலிசியா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். யாகப்பன் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தானும் ஒரு பிரேக் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான். மெதுவாகக் கையை எடுத்தான்.

"இன்னொருவாட்டி போடு" என்றான்.

நான்கு தடவை தண்ணீரில் இறக்கி நான்கு தடவை நிறுத்தினாள். ஐந்தாவது தடவை யாகப்பன் முன்சீட்டுக்கு மாறியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை தில்லைநாதன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். சீட்டில் உட்கார்ந்ததும், "என்னமோ மாத்தி இருக்கியாமே" என்றார்.

"ஆமா சார். டிஸ்க் போட்டிருக்கு."

"அப்ப நான் தூங்கலாமா?"

"தூங்குங்க சார்."

வண்டிப்பாளையத்தில் இளவரசி ஏறினாள். முகம் இளைத்து, கொஞ்சம் வெளிறி இருந்தாள். மகள் கையாட்டிவிட்டு உள்ளே ஓடியது. இளவரசி சீட்டைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள். "பஸ்ஸுல ஜன்னல் சீட்டே கெடைக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். பஸ்ஸில் அலைந்த வாரங்களைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

பு.முட்லூரை நெருங்கும்போது லேசாகத் தூறியது. இடதுபக்க வயலிலிருந்து அறுவடை மிஷின் ஒன்று, எந்தச் சைகையும் இல்லாமல், நிதானமாக ரோட்டில் ஏறியது. அகலமான அதன் வெட்டுவாய் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. எதிரே லாரி. ஒதுங்க இடமில்லை. பெலிசியா யோசிக்கவில்லை, கால் யோசித்தது. வண்டி நின்றது. மிஷினுக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு மாடு தாராளமாகப் போகிற இடைவெளி இருந்தது.

மிஷின் ஓட்டுநர் மேலிருந்து கையெடுத்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி காட்டினான். அவளும் கையை உயர்த்தினாள். இளவரசி முன்னால் எட்டிப் பார்த்து, வாயில் விரலை வைத்துத் தில்லைநாதனைக் காட்டினாள். அவர் வாய் லேசாகத் திறந்திருக்க, கதவில் தலை சாய்த்து ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி நின்றதே அவருக்குத் தெரியாது.

பெலிசியா மூச்சை விட்டாள். அது எத்தனை வாரமாக உள்ளே நின்ற மூச்சு என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி ஈரக்காற்றை உள்ளே விட்டாள்.

இருவரையும் வார்டில் விட்டுவிட்டு வெளியே வந்தபோது பசித்தது. பசி என்றால் வயிற்றைக் கிள்ளுகிற பசி. கீழவீதியில் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டாள். இன்னும் இரண்டு இட்லி கேட்டாள். கொத்சு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள். பரிமாறியவர், "வூட்டுல சமையல் இல்லீங்களா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, நாலு மணி நேரம் என்ன செய்வது என்று நினைத்தபடி பின்சீட்டில் கால் நீட்டினாள்.

கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம். விழித்துப் பார்த்தால் தில்லைநாதனும் இளவரசியும் வெளியே நிற்கிறார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவசரமாக எழுந்தாள்.

"பத்து நிமிஷமா நின்னுகிட்டு இருக்கோம்" என்றார் தில்லைநாதன், கையில் கட்டோடு. "நாங்க அங்க ஊசி குத்திகிட்டு கெடக்குறோம், நீ இங்க நிம்மதியா கொறட்ட வுடுற."

"எழுப்பியிருக்கலாமே சார்."

"இளவரசிதான் வேணாம், தூங்கட்டும்னுச்சு" என்றார். பிறகு கதவைத் தானே திறந்து, குனியாமல் ஏறி உட்கார்ந்தார். "சரி, எடு வண்டிய. இந்தவாட்டி நான் முழிச்சிகிட்டு வரேன்."